ஓசியில் வந்த சக்களத்தி

என் வீட்டுக்காரர் பேச்சுக் கம்மியான மனிதர். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவதால் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் போன வருஷத்திலிருந்து நான் பேசுவதைக் கேட்பதையும் விட்டுவிட்டார். அடுப்படியிலிருந்து நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன்; அவர் கூடத்தில் போனுக்குள் தலையை விட்டபடி உட்கார்ந்திருப்பார். கிட்டே போய் நின்றால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி சரி, ஆவட்டும்" என்பார். எது ஆகட்டும் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்.

பௌர்ணமி கிரிவலத்திலும் இதே கூத்துதான். என் நாத்தனார் செய்த அக்கிரமத்தையெல்லாம் அக்னி லிங்கத்தில் ஆரம்பித்து நிருதி லிங்கம் வரை சொல்லிக்கொண்டே நடந்தேன். மனிதர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்தானே! டீ குடிக்க நின்ற இடத்திலும் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தார். ரிட்டையர் ஆகப்போகிற வயசில் எவளோ ஒருத்தி வந்து மாட்டியிருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இதற்கு நடுவில் என் போனில் ஒரு வேடிக்கை. எங்கள் இரண்டு பேர் போனிலும் இருக்கிற ஆப்பில் நான் பார்ப்பதெல்லாம் கோலமும் புடவையும்தான். திடீரென்று ஒரே காது மிஷின் விளம்பரமாக வர ஆரம்பித்தது. காதுக்குப் பின்னால் மாட்டுவது, உள்ளே செருகுவது, தவணையில் தருவது. என் தொண்டையைத்தான் கிண்டல் செய்கிறது என்று நினைத்து அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

"பாருங்க, நான் கத்தறது ஜாஸ்தின்னு இதுக்குக்கூடத் தெரிஞ்சிடுச்சு!"

அவர் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போய், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போயிருந்தபோது அவருடைய போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண்குரல், அப்படியொரு இனிப்பு.

"சார் இருக்காங்களா மேடம்? நேத்து குரூப்ல நெறைய பேசிட்டிருந்தாங்க, பாதியில போய்ட்டாங்க."

"யாரும்மா நீ?"

"காது மிஷின் கம்பெனிலர்ந்து பேசறேங்க. நீங்க அவங்க வீட்லயா? வீட்ல பேசறதுகூடக் கேக்கலன்னு ரொம்ப வருத்தப்பட்டாங்க. எடது காதுதானே சுத்தமா போயிடுச்சு?"

இத்தனை வருஷம் கூடப் படுத்து எழுந்தவளுக்குக் காது போனதே தெரியாது. எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கிற இந்தக் குட்டிக்கு எந்தக் காது என்பது வரை தெரிகிறது. தெரியாது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வருமா?

"எனக்குத் தெரியாதா? எடது காதுதான்!" என்று அதட்டிவிட்டு வைத்தேன்.

அப்புறம் அவருடைய போனைத் திறந்து பார்த்தேன். அதே ஆப்பில் காது கேளாதவர்கள் கூடிப் பேசுகிற ஒரு குழு. அதில் இவர் எழுதித் தள்ளியிருந்தார். வேங்கிக்காலில் அரசாங்க ஆபீஸ் வேலை இவருக்கு. திங்கட்கிழமையானால் ஜனங்களிடம் மனு வாங்குகிற மேஜையில் உட்காருவார். அந்த மேஜைதான் அவருக்கு உயிர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இவரைத் தேடிவந்துதான் மனு கொடுப்பார்கள். உதட்டைப் பார்த்துத் தலையாட்டிச் சமாளிப்பதாகவும், ஆபீசில் தெரிந்தால் அந்த மேஜை போய்விடும் என்று தூக்கமே வருவதில்லை என்றும் எழுதியிருந்தார். யார் யாரோ ஆறுதல் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் வேறு. அடப்பாவி மனுஷா, இத்தனை வார்த்தை உனக்குள் இருந்ததா? எனக்கு அழுகையைவிடப் பொறாமைதான் முதலில் வந்தது.

துண்டோடு வந்தவரின் வலது பக்கம் போய் நின்று கேட்டேன்.

"முகம் தெரியாதவங்ககிட்டல்லாம் சொல்றீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"உன்கிட்ட சொன்னா தெருவுக்கே கேக்கும். இதுல நம்ம ஊர்க்காரன் எவன் இருக்கான்? காசா பணமா, ஓசியில ரெண்டு நல்ல வார்த்தை கெடைக்குது."

"ஓசியில கெடைக்குதா? பேசினது அங்க, கம்பெனிக்காரி எப்படிங்க இங்க கூப்பிடறா?"

அவர் சட்டையைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் திங்கட்கிழமை. சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவராகவே ஆரம்பித்தார்.

"ஆபீசர் கூப்ட்டாரு. அவரு போன்ல அந்த ஆப், 'இவரை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம்'னு என் போட்டோவைக் காட்டிச்சாம். தொட்டுப் பார்த்திருக்காரு. நான் எழுதினது பூராவும் வந்திருக்கு."

"திட்டினாரா?"

"திட்டியிருந்தா தேவலை. 'முன்னாடியே சொல்லக்கூடாதா சார்'னு தோள்ல கை போட்டாரு. இனிமே மனு மேஜைக்கு வேற ஆளாம். நான் உள்ள உக்காந்து ஃபைல் பார்த்தா போதுமாம்."

காது எப்போது மந்தமானது, கூட்டத்தில் எப்படி இரைச்சலாகக் கேட்கும், என் பேச்சுக்குக் குத்துமதிப்பாகச் சரி போட்டது எல்லாம் சொன்னார். இருட்டும்வரை சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. அவருடைய மேஜை போன துக்கத்துக்கு நடுவில் எனக்கு ஒரு சந்தோஷம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என்னிடம் வந்து சொன்னாரே! அந்தச் சனியனிடம் சொல்லாமல் முதலில் என்னிடம் வந்து சொன்னாரே! தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே போய் அவருக்குப் பிடித்த வேர்க்கடலைச் சட்னி அரைத்தேன்.

தோசைக்கல் காய்கிற நேரத்தில் என் போனைக் கையில் எடுத்தேன். எங்கள் இரண்டு பேர் போனுக்கும் வீட்டில் ஒரே வைஃபை. அவர் எங்கே எதைத் தேடினாலும் அதன் வாசனை என் போனில் அடிக்கும் என்பது அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது. கோலத்துக்கும் புடவைக்கும் நடுவில் கோட்டு போட்ட ஒருவன் கும்பிட்டபடி நின்றான். "விருப்ப ஓய்வில் போகிறீர்களா? உங்கள் பணத்துக்கு நாங்கள் வழி சொல்கிறோம்."

கரண்டியோடு கூடத்துக்குப் போனேன்.

"வேலையை விடப்போறீங்களா?"

அவர் நிமிர்ந்து என்னையே பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரியும்? உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, பஸ்ல வரும்போது சும்மா அந்தக் குரூப்ல கேட்டுப் பார்த்தேன்."