கேட்காமல் கழற்றிய பிரேக்

இது எனக்கு நடந்தது. இந்தச் செப்டம்பரில், போன செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்பவர்கள் தாய்லாந்தின் மே சரியாங் மலைச்சாலையின் மழைக்காலப் பகலைப் பார்த்ததில்லை.

என் மனைவி புவாதிப்புக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று தடவை அடிவாரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மண் சரிந்து பாதை அடைத்ததில் இரண்டு தடவை தவறிவிட்டது. பாதை திறந்த அன்று எங்கள் பிக்கப்பில் பிரேக் இல்லை. பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. புதியது சியாங்மாயிலிருந்து வர மூன்று நாள். ஆம்புலன்ஸ் வேறு மலையில் இருந்தது; வர இரவாகும் என்றார்கள். அவள் முகம் ஊதியிருந்தது. உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. மல்லாக்கப் படுக்க விடாதீர்கள் என்று நர்ஸ் போனில் சொன்னாள்.

மதியம் 1:20. குவாங் அண்ணனின் பழைய வண்டிக் கடை. அதே மாடல் பிக்கப் ஒன்று மூக்கு நசுங்கி நின்றது. கண்ணாடியில் கறுத்துப்போன மாலை. ஸ்டியரிங்கில் மூன்று வண்ணத் துணி.

எங்கள் ஊரில் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒருத்தி குடியிருக்கிறாள். மே யா நாங். மாலையும் துணியும் அவளுக்குத்தான். வண்டி செத்தால் ஊதுவத்தி கொளுத்தி அவளிடம் கேட்டு, வழியனுப்பி, பிறகுதான் ஸ்பேனர் வைக்க வேண்டும். இந்த வண்டிக்கு யாரும் அதைச் செய்யவில்லை.

குவாங் ஊதுவத்தியை நீட்டினார். “கேட்டுட்டு கழட்டு கம்பான்.”

“நேரமில்லண்ணே.”

“பொண்டாட்டிகிட்ட மணிக்கணக்கா கெஞ்சுவ. இவகிட்ட ரெண்டு நிமிஷம் கேக்க முடியாதா?”

மழை. மூன்று தீக்குச்சி அணைந்தது. நான்காவதை நான் உரசவில்லை.

2:50. சிலிண்டரை மாட்டி, ஆயில் ஊற்றி, குழாயில் அடைத்திருந்த ஏரை எடுத்தேன். பெடல் கல்லாக நின்றது.

3:05. புவாதிப்பை முன்சீட்டில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கிளம்பினேன்.

“பிரேக் பிடிக்குமாய்யா?”

“பிடிக்கும்.”

“சந்தேகம்னா சொல்லு. நான் நடந்தே போயிடறேன். எனக்கென்ன, கிட்னிதான் இல்ல, காலு இருக்கு.”

சிரித்தாள். சிரிப்பு இருமலாக முடிந்தது.

மூடுபனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. முதல் வளைவில் பிரேக்குக்குக் காலைத் தூக்கினேன். அதற்குள் வண்டி வேகம் குறைந்திருந்தது. இரண்டாவது வளைவிலும் அப்படியே.

3:31. குனிந்து பார்த்தேன். க்ரீச்… பிரேக் பெடல் தானாக இறங்கியது. நிதானமாக. யாரோ பழகிய காலால் மிதிப்பதுபோல.

பெடல் ரப்பரில் ஈரம். சின்னச் சின்னதாக ஐந்து கால்விரல் பதிவு.

நான் பூட்ஸ் போட்டிருந்தேன்.

3:48. நேரான சாலை. எதிரே எதுவும் இல்லை. பெடல் தரைவரை போனது. வண்டி நின்றது.

ஆக்சிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் அலறியது. நகரவில்லை.

பெடலைக் கையால் தூக்கக் குனிந்தேன். என் விரலுக்கும் ரப்பருக்கும் நடுவில் ஏதோ இருந்தது. குளிர்ந்திருந்தது…

தோல்.

“தாயே, விடு. கேக்காம எடுத்தது நான். அவள விட்டுடு.”

பெடல் அசையவில்லை. எஞ்சினை அணைத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் மூச்சுச் சத்தம் இல்லை.

திரும்பினேன். சீட்டின் சாய்மானப் பிடி நழுவி, அவள் சீட்டோடு மல்லாந்து கிடந்தாள். உதடு நீலம். வாயோரம் நுரை. எப்போதிருந்து? தெரியாது. நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்த்தினேன். முதுகில் தட்டினேன். மறுபடியும். மறுபடியும்.

3:51. இழுத்து ஒரு மூச்சு.

க்ரீச்… பெடல் மேலே வந்தது.

இடது கையால் அவளை நிமிர்த்திப் பிடித்தபடி, எஞ்சினைக் கிளப்பி, இரண்டாம் கியரிலேயே இறங்கினேன். அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். மீதி இருந்த வளைவுகள் ஒன்றில்கூட நான் பிரேக் மிதிக்கவில்லை.

4:40 ஆஸ்பத்திரி. உயிர் தப்பினாள்.

வெள்ளிக்கிழமை புதிய சிலிண்டர் வந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மெக்கானிக் பழையதைக் கழற்றிப் பிரித்தார்.

“உள்ள முழுக்கத் துரு. ரப்பர் பொடியா உதிருது. ஒரு சொட்டு ஆயில் இல்ல. இதுலயா மேலேருந்து வந்த? யாருகிட்டய்யா கதை விடற?”

குவாங்குக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

“நீ கழட்டின அந்த வண்டிய ஓட்டினது ஒரு பொம்பள. மூச்சுத் திணறல்னு புருஷனைப் பக்கத்துல உக்கார வச்சு அதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தா. மூடுபனி. ரோட்டைவிட்டுக் கண்ண எடுக்கல. ஆஸ்பத்திரி கேட்டுல நிறுத்தித் திரும்பினா, அவன் எப்பவோ செத்திருந்தான்.”

“அப்புறம்?”

“அவன வண்டியிலேருந்து இறக்கவே இல்ல. வண்டியத் திருப்பிக்கிட்டு மேல போனா. ஒரு வளைவுல நேரா போயிட்டா. பிரேக் மிதிச்ச தடமே இல்லன்னு போலீஸ்ல எழுதினாங்க.”

அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மெக்கானிக்கிடம் ஓடினேன். பழைய சிலிண்டரைக் காணோம். இரும்பு வாங்குகிறவன் மூட்டையோடு எடுத்துப்போய்விட்டான் என்றார்.

சனிக்கிழமை வீடு திரும்பினோம். வரும் செவ்வாய்க்கிழமை புவாதிப்பை மறுபடி கீழே கூட்டிப்போக வேண்டும். மூடுபனி இன்னும் விலகவில்லை. புதிய பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.

நான் மிதித்தால் மட்டும்.