ராமாயி கூப்பிட்ட பெயர்கள்

போன வாரம் பேரனுடைய கைப்பேசியில் ஒரு பழைய இசைத்தட்டுப் பாட்டு ஓடியது. 'மலையக நாட்டார் பாடல்' என்று அறிவித்தார்கள். பாடியவர் பெயர் இல்லை. ராமாயி. மூன்றே எழுத்து. சொன்னால் வாய் வலித்துவிடுமா?

இலங்கை மலைநாட்டில் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவர் ராமாயி அக்கா. நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். எதையும் எண்ணுவது என் வியாதி. சோற்றுப் பருக்கையைத்தான் இன்னும் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்பாள் மனைவி. வரிசையாக நின்று கொழுந்தெடுக்கும் நிரையில் அக்காவைத் தவிர பதினொரு பெண்கள். அக்கா ஒரு வரி பாடி ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவள் அந்த இடத்திலேயே வரி கட்டிப் பதில் பாட வேண்டும்.

"எட்டாம் மலையேற என்னடி மூச்சு, மாரியாயி?"

"மூச்சில்ல ராமாயக்கா, மடியில ரொட்டி கனக்குது."

வேலை வாங்கும் கங்காணியும் சிரித்துவிட்டுத்தான் அதட்டுவார். ஈரக் கொழுந்து வாசனை வந்தால் எனக்கு இன்னும் அந்தச் சிரிப்பு காதில் விழும். அரக்கு வாசனை வந்தால் எரிச்சல்தான். இசைத்தட்டின் வாசனை அது.

கோயில் திருவிழாவில் அக்கா பாடியதைக் கேட்ட இசைத்தட்டுக்காரர் ஒருவர் கொழும்புக்கு வரச் சொன்னார். அக்காவின் புருஷனும் நானும் துணைக்குப் போனோம். புறப்படும்போது பதினொரு பேரும் தங்கள் பெயரை விட்டுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

பாட்டைப் பதிவு செய்யும் கண்ணாடி அறையில் அக்கா மாரியாயியைக் கூப்பிட்டுவிட்டு நின்றார். ஏன் நிறுத்தினாய் என்றார் தட்டுக்காரர்.

"அவ சொல்லணுமில்லீங்க."

தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான், பதிலையும் நீயே பாடிவிடு என்றார்.

"அவ என்னா சொல்லுவான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

கடைசியில் பெயர்களை எடுத்துவிட்டுப் பாடவைத்தார்கள். நான் மன்றாடினேன். வாத்தியார் பேச்சை வகுப்புக்கு வெளியே யார் கேட்டார்கள்?

தட்டு வந்ததும் வட்டகொடைக் கடையில் போட்டார்கள். பதினொரு பேரும் பதில் வரியோடு வாசலில் தயாராக நின்றார்கள். பாட்டு முடிந்துபோனது. மாரியாயிதான் பேசினாள்.

"கொழும்பப் பாத்ததும் எங்க பேரு மறந்துபோச்சு, என்ன?"

நடந்ததை நான் விளக்கினேன். ஒருத்தியும் நம்பவில்லை. மறுநாள் அக்கா மலையில் கூப்பிட்டார். பதில் வரவில்லை. மூன்று நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஊரூராக மேடைக்கு அழைத்தார்கள்; போய்ப் பாடினார், மாலையும் போட்டார்கள். மலையில் மட்டும் வாய் திறக்கவில்லை.

சில வருடங்களில், இலங்கைக் குடியுரிமை கிடைக்காமல் அவர் குடும்பம் இந்தியாவுக்குப் புறப்பட்டது. வட்டகொடை ஸ்டேஷனுக்குப் பதினொரு பேரும் வந்து தள்ளியே நின்றார்கள். ரயில் நகர்ந்தபோது அக்கா ஜன்னலில் தலையை நீட்டினார்.

"கடல் தாண்டிப் போறவளுக்கு என்னடி பதில், மாரியாயி?"

மாரியாயி ரயிலோடு ஓடிக்கொண்டே பாடினாள். அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஊதித் தொலைத்தது. அக்கா சிரித்தது தெரிந்தது. வரி கேட்கவில்லை.

என்ன பாடினாய் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டேன்.

"அது அக்காவுக்குச் சொன்னது, வாத்தியாரய்யா."

மாரியாயியும் கண்ணை மூடிவிட்டாள். பதினொருவரில் இன்று ஒருத்தியும் இல்லை. அவர்கள் கொழுந்தெடுத்த மலையில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு பைனஸ் என்கிற ஊசியிலை மரம் வைத்துவிட்டார்கள். அதன் அடியில் புல்கூட முளைப்பதில்லை.