முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என் பாதத்தின் உணர்வை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. மீன்முள் ஏறியதே எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பாதம் முழுக்கக் கறுத்திருந்தது. காலை வெட்டத்தான் வேண்டும், முழங்காலையாவது காப்பாற்றித் தருகிறேன் என்றார் சத்திரசிகிச்சை வைத்தியர். சொன்னபடியே செய்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மிஞ்சியது.

பருத்தித்துறை வீட்டுக்கு வந்த பிறகும் நான் அதைப் பார்க்கவில்லை. மனைவிதான் பார்த்தாள். வீக்கம் வற்றுவதற்காக, நுனியில் இறுக்கி மேலே போகப்போகத் தளர்த்திப் பண்டேஜ் சுற்ற ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பழக்கியிருந்தார்கள். காலையும் மாலையும் சுற்றுவாள். நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

சண்டை தலகணியால் வந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றை வைத்து மடித்துக் கிடந்தால் எனக்குச் சுகமாயிருக்கும். அவள் வந்து அதை உருவி எடுத்துவிடுவாள்.

"நோகுதப்பா, விடு."

"நோகட்டும். மடிஞ்சபடி இறுகிப்போனா பொய்க்கால் பூட்டேலாதாம். நீட்டுங்கோ."

"நீ என்ன டொக்டரோ?"

"ஓம். நீட்டுங்கோ."

கோபத்தில் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. பண்டேஜ் ஒருவேளையும் தவறவில்லை. இரண்டாம் நாள் மாலை, என்னையறியாமல் குனிந்து பார்த்தேன். தையல் வடுவைச் சுற்றி, பிள்ளைக்குத் தடவுவதுபோல எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"வடிவாக் காய்ஞ்சிருக்கு, பாருங்கோ" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

பொய்க்காலுக்கு அளவெடுத்தவர் முழங்காலை நீட்டச் சொன்னார். நேராக நீண்டது.

"கனபேர் மடிஞ்ச காலோடைதான் வருவினம். உங்களை ஆர் இப்பிடிப் பாத்தது?"

நான் மனைவியைக் காட்டினேன். அவள் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தாள்.

நடை உடனே வந்துவிடவில்லை. தோல் உரிந்து, ஆறும்வரை பொய்க்காலைக் கழற்றி வைத்தேன். பிறகு மிச்சக்கால் மெலிந்ததில் பொய்க்கால் தளர்ந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று காலுறை போட்டு நடந்தேன். நாலு மாதத்தில் ஊன்றுகோலை விட்டேன்.

அதன்பிறகு அரியாலையில் இருக்கும் மகளைப் பார்க்க யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறினோம். நல்ல சனம், இருக்க இடமில்லை. நான் நீளக் காற்சட்டை போட்டிருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பெண் எழுந்து எங்கள் இருவரையும் பார்த்து "இருங்கோ" என்றாள். நான் அசைவதற்குள் மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்கள் நில்லுங்கோ. எனக்குத்தான் கால் உளையுது."

அவளுடைய பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி யாழ்ப்பாணம்வரை நின்றே போனேன்.