எருமையின் தொண்டைக்குள் விட்ட கை

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரேயொரு எருமைக் கன்றோடு தொடங்கி, கிண்ணியாவில் பெரிய மாட்டுப் பட்டிக்காரன் ஆனவன். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளில் ஒருநாள் என்ர எருமையொன்று வாய்நீர் வடித்து, விழுங்க ஏலாமல் நின்றது. பனங்கொட்டை சிக்கியிருக்கும் என்று தொண்டைக்குள் முழங்கை வரை கைவிட்டுத் தேடினனான். ஒன்றுமில்லை. மறுநாள் அது செத்தது.

நான் கைவிட்டுப் பார்த்ததைச் சொன்னதும் மாட்டு டாக்குத்தர் கேட்டார்: "இதை நாய் கடிச்சதோ?"

"ஓம், ரெண்டு மாதத்துக்கு முன்னம். மஞ்சள் பூசி நானே சுகப்படுத்தினனான்."

"புண்தான் ஆறினது. கடிச்சது விசர், வெறி பிடிச்ச நாய். அந்தக் கிருமி நரம்பு வழியே மூளைக்கு ஏறி, எச்சிலுக்கு வந்திட்டுது. உங்கட கையில கீறல் இருக்கே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்களுக்கும் விசர் கண்டால் பிறகு மருந்தில்லை."

பதினாலு நாள் தொப்புளைச் சுற்றி ஊசி. ஒவ்வொரு நாளும் மனைவியும் கூடவே, ஆட்களை அக்கரை சேர்க்கும் பாதைப் படகில் ஏறித் திருகோணமலைக்கு வந்தா.

"பட்டிக்காரருக்குத் தெரியாத மாட்டு வருத்தமும் இருக்குதாக்கும்," என்று சிரிப்பா. ஆனால் என்ர கையை விடமாட்டா. ஊசி முடிந்து தேத்தண்ணி குடித்து, துறைமுகத்தில் கப்பல் பார்ப்பம். கலியாணம் முடித்து அவவோடு அவ்வளவு நேரம் இருந்தது அந்த நாட்களில்தான்.

இப்போது அவ இல்லை. பட்டி நாய்களுக்கெல்லாம் தவறாமல் தடுப்பூசி போடுவிக்கிறேன். மாடு விழுங்காமல் நின்றால் டாக்குத்தருக்கு ஆளனுப்பிவிட்டு, அவ பிடித்திருந்த கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.