காக்கிக்குப் பின்னால் வந்த வாத்துகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா வேலை பார்த்த கம்பெனியின் குவார்ட்டர்ஸுக்கு நடுவே ஒரு பூங்கா இருந்தது. அதன் மூலையில் கம்பிவலை அடித்து ஆறு வாத்து, நாலு முயல், ஒரு வான்கோழி வைத்திருந்தார்கள். அதை நாங்கள் ஜூ என்றுதான் சொல்வோம். வண்டலூருக்குப் போய்வந்த தோழி ஒருத்தி சிங்கம், புலி என்று அளந்தபோது, "உங்க சிங்கம் இட்லி சாப்பிடுமா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்திருக்கிறேன். எங்கள் வாத்துகள் சாப்பிடும். கேண்டீனில் மிஞ்சுவதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் காக்கி யூனிபாரம் போட்ட கேண்டீன்காரர் வாளியோடு வருவார். சோறு, சாம்பார், சில நாள் உப்புமா. உப்புமாவை வான்கோழி தொடாது. அந்த விஷயத்தில் அதுவும் என் தம்பியும் ஒரே கட்சி.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் கம்பெனி கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. சங்கு ஊதவில்லை. லேத்தில் வேலை பார்த்த அப்பா அன்றிலிருந்து வீட்டிலேயே இருந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஷிப்டு ஷிப்டு என்று ஓடிக்கொண்டிருந்த மனுஷன் இப்போது எனக்குத் தலை பின்னிவிட்டார். கோணலாகத்தான் பின்னினார், ஆனாலும் அப்பா பின்னியது அல்லவா! இந்தப் பூட்டைத் திறக்கவே கூடாது மாதாவே என்று ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் அம்மாவும் கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரின் மனுவையும் கையில் வைத்துக்கொண்டு மாதா என்ன பாடுபட்டாளோ.

கேண்டீனும் மூடிவிட்டதால் ஜூவுக்குச் சாப்பாடு நின்றுபோனது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வீட்டில் இருப்பதைக் கொண்டுபோய்ப் போட்டோம். மூன்றாவது மாதம் அதுவும் குறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வாட்ச்மேன் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"சார், மேட்டர் தெரியுமா? கறிக்கடைக்காரன் வந்து பாத்துட்டுப் பூட்டான். நாயித்துக்கெயம அத்தினியும் தூக்கிகினு போறானாம். இன்னா பண்லாம், நீயே சொல்லு."

நான் அழுத அழுகையில், என்ன ஏதென்று தெரியாமல் தம்பியும் சேர்ந்துகொண்டான். அப்பாதான், "ஏரியில விட்டுடலாம். தண்ணி இருக்குது, புல்லு இருக்குது. பொழச்சிக்கும்" என்றார்.

மறுநாள் காலையில் வாட்ச்மேன் ஒரு மீன்பாடி வண்டியை மிதித்துக்கொண்டு வந்தார். அழுக்காகிற வேலைதானே என்று அப்பா பழைய காக்கி யூனிபாரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். அங்கேதான் கோட்டைவிட்டோம். "நான் வரலேன்னா இந்த ரெண்டையும் சேத்து அங்கயே விட்டுட்டு வந்துடுவீங்க" என்று எங்களைக் காட்டிச் சொல்லிவிட்டு அம்மாவும் ஏறிக்கொண்டாள். வான்கோழி வழி நெடுக ரோட்டில் போகிறவர்களையெல்லாம் அதட்டிக்கொண்டே வந்தது.

ஏரிக்கரையில் கூடைகளைத் திறந்தோம். முயல்கள் குதித்து இறங்கின, புல்லை முகர்ந்தன, அப்படியே திரும்பிக் கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டன. அதட்டல் மன்னரான வான்கோழி, மேய்ந்துகொண்டிருந்த எருமையைப் பார்த்ததும் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்தது. வாத்துகளாவது மானத்தைக் காப்பாற்றும் என்று பார்த்தால், கணுக்கால் அளவு சிமென்ட் தொட்டியில் வளர்ந்த அவை அவ்வளவு தண்ணீரைக் கண்டு மலைத்து நின்றன. அப்பா பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தாமே தண்ணீரில் இறங்கிக் கைதட்டிக் கூப்பிட்டார். ஒன்றே ஒன்று துணிந்து இறங்கியது. கால் தரையில் படவில்லை என்று தெரிந்ததும் ஐயோ அம்மா என்று அலறிக் கரையேறிவிட்டது.

"நாம போயிட்டா தானா பழகிக்கும்" என்று அப்பா நடக்கத் தொடங்கினார். நாங்களும் நடந்தோம். திரும்பிப் பார்த்தால் ஆறு வாத்தும் வரிசை பிசகாமல் பின்னால் வருகின்றன. விரட்டினோம், பத்தடி ஓடிவிட்டு மறுபடியும் வந்தன.

"சார், அதுங்க உன்னப் பாத்துகினு வர்ல. காக்கியப் பாத்துகினு வருது. சோறு போட்ட காக்கி சார் அது" என்றார் வாட்ச்மேன்.

அப்பா சட்டையைக் கழற்றிச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு பனியனோடு நடந்தார். வாத்துகள் அசரவில்லை. அவற்றின் உயரத்துக்குப் பேண்ட்தானே தெரியும்.

"அதையும் கழட்டிடாதீங்க, பஸ்ஸு போவுது" என்று சொல்லி அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

அப்பா சட்டென்று நின்றார். முன்னால் வந்த வாத்தின் எதிரே குனிந்து கத்தினார்.

"போயேன்! எவனாவது சங்கு ஊதி வேளாவேளைக்குச் சோறு போடுவான்னு எத்தினி நாளைக்கு இப்படியே நிப்ப? வெளிய போயி பொழைக்கத் தெரியாதா உனக்கு? றெக்க இருக்குதில்ல?"

அம்மாவின் சிரிப்பு நின்றுபோனது. வாட்ச்மேன் திரும்பிக்கொண்டு வண்டிச் செயினை ஆராய்ந்தார். வாத்தைப் போய் யாராவது திட்டுவார்களா என்று நானும் தம்பியும் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தோம். வாத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அப்பாவின் பேண்ட் நுனியைக் கொத்தியது. அவர் அதைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

எல்லாம் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கே வந்து சேர்ந்தன. "கீரிப்புள்ள தூக்கினு பூட்ச்சின்னு கறிக்கடைக்காரனாண்ட சொல்லிக்கிறேன்" என்றார் வாட்ச்மேன். வான்கோழியைத் தூக்குகிற கீரிப்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறதோ, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை நான் சீப்போடு போனபோது அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். கையில் சர்ட்டிபிகேட் பைல். பூந்தமல்லிப் பக்கம் ஒரு பட்டறையில் ஆள் கேட்கிறார்களாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். எனக்கு அழுகை முட்டியது. நன்றாக வீட்டில் இருந்த அப்பா ஏன் இப்படித் திடீரென்று கிளம்பிப் போகிறார்? யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு காரணம்தான் தெரிந்தது. அத்தனை பேர் எதிரில் அந்த வாத்து அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அந்தக் கோபம். அதனால் அந்த வாத்தோடு நான் இரண்டு நாள் பேசவில்லை.