எழுநூற்று அறுபத்தொன்பது சுற்று

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன் நேர்ந்துகொண்ட எண்ணிக்கைப்படி கோயிலைச் சுற்றி முடிப்பதற்குச் சங்கரன்கோவிலில் ஆடிச்சுற்று என்று பெயர். நூற்றொன்று சுற்றுபவர்கள் உண்டு, ஐந்நூற்றொன்று சுற்றுபவர்களும் உண்டு. என் மனைவி ஆயிரத்தொன்று என்று நேர்ந்துவிட்டாள். சித்திரையில் நான் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது அம்மனிடம் அவள் சொன்ன கணக்கு அது. அது 1950களின் தொடக்கம், எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

இருநூற்று முப்பத்திரண்டு சுற்று முடிந்ததும் ஈரக் கல்லில் வழுக்கி அவளுக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. தபசுக்கு ஆறே நாள். நேர்ந்தது முடியாவிட்டால் எனக்கு மறுபடி ஏதாவது ஆகிவிடும் என்று அழுதாள். மீதியைச் சுற்ற என் அம்மாவும் அண்ணனும் மதினியும் முன்வந்தார்கள். அம்மா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"பங்கு போட்டா சரிபங்கா இருக்கணும். ஒருத்தருக்கு ஒண்ணு கூடுனாலும் அம்மன் ஏத்துக்கிட மாட்டா."

மீதி 769. மூன்று பேருக்கு வகுத்தேன், ஒன்று மிஞ்சியது. பக்கத்து வீட்டு அக்காவைச் சேர்த்து நாலு பேருக்கு வகுத்தேன், அப்போதும் ஒன்று. ஆறு பேருக்கும் எட்டு பேருக்கும் அதே கதைதான். எனக்குக் குஷி பிறந்துவிட்டது. சிலேட்டை எடுத்து ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று இருபத்துமூன்று வரை வகுத்துப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. இருபத்தொன்பதை இருபத்தொன்பதால் பெருக்கினால் எண்ணூறைத் தாண்டிவிடும், ஆகவே அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை.

"பகா எண்!" என்று கத்தினேன்.

அம்மா பதறிப்போனாள். "பகையா? அம்மனுக்கும் நமக்கும் என்னலே பகை?"

"பகை இல்லம்மா, பகா. பங்கு போடவே முடியாத எண்ணு. ஒருத்தரே அம்புட்டையும் சுத்தணும், இல்லன்னா எழுநூத்தி அறுவத்தொம்பது பேரு வந்து ஆளுக்கு ஒண்ணு சுத்தணும்."

மனைவி மறுபடி அழத் தொடங்கினாள். நானோ அந்த எண்ணின் அழகைப் பேசிக்கொண்டே இருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. சற்று நேரத்தில் அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"மூணாப் போட்டாலும் நாலாப் போட்டாலும் ஒண்ணுதான மிஞ்சுதுன்னீங்க? அந்த ஒண்ண எம் பழைய கணக்கோட சேத்து நான் நொண்டிக்கிட்டே சுத்திருதேன்."

மீதி 768. இது யார் கேட்டாலும் இணங்கிப்போகிற எண். வாத்தியாருக்கு இது தோன்றவில்லையே என்று யாரும் கேட்பதற்குள் அவசரமாக மூன்றால் வகுத்தேன்.

"ஆளுக்கு எரநூத்தி அம்பத்தாறு."

"நாலாப் போடுங்க" என்றாள்.

"பக்கத்து வீட்டு அக்காவையும் சேத்தா?"

"இல்ல, நீங்க."

காய்ச்சல் விட்டு இரண்டு மாதமாகியும் சாய்வு நாற்காலியை விட்டு எழாமல் வேளாவேளைக்குக் கஞ்சி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவன் நான். "எனக்காக நேந்தத நானே சுத்தலாமா?" என்று இழுத்தேன்.

"நீங்க எந்திச்சு நடக்கணும்னுதான நேந்தேன். நடங்க."

மறுநாள் காலை வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் முதல் சுற்றைத் தொடங்கினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் தன்னுடைய ஒன்றை நடந்தாள்.