அக்காவின் விதைச் சுரைக்காய்

அரிசி கழுவிய தண்ணீர் லேசாகப் புளித்தால் ஒரு வாசம் வருமே... சின்ன வயதில் எங்கள் வீட்டுக் கொல்லை முழுக்க அந்த வாசம்தான்.

திண்டுக்கல்லில் குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், எதுவும் சாக்கடைக்குப் போகக் கூடாது. அம்மாவின் சட்டம். அப்பா வேலை பார்த்த மில் பாதி நாள் ஓடாது. அப்போதெல்லாம் சோற்றுக்கு வெஞ்சனம், கொல்லையில் காய்த்தால்தான் உண்டு.

அக்காவுக்கு ஒரு குழி, எனக்கு ஒரு குழி. அவளுக்குச் சுரை, எனக்குப் பீர்க்கு. அரிசித் தண்ணீர் ஆளுக்குப் பாதிச் சொம்பு. அவள் சொம்பில் ஒரு மடக்கு கூடுதலாக இருந்தாலும் சண்டை போடுவேன்.

என் பீர்க்கு மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது... பூத்துக்கொண்டே இருந்தது. ஒரு காய் இல்லை! அவள் சுரையோ எங்கள் கூரை போதாதென்று பக்கத்து வீட்டுக் கூரையையும் பிடித்தது. வருகிறவர்கள் எல்லாம் அம்மாவிடம், "ஒம் மூத்தவளுக்குக் கைராசிதேன்" என்பார்கள். பக்கத்தில் சின்னவள் நிற்கிறேனே, ஒரு பேச்சுக்காவது...? ம்ஹும்.

தட்டில் சுரைக்காய்க் கூட்டு விழும். அவள் காய். பசிக்கு ரோஷம் ஏது? வயிறு எரிய எரியத் தின்பேன்.

கார்த்திகை மாசம் கொடி ஓயத் தொடங்கியது. கடைசியாக இருந்த நல்ல பிஞ்சின் காம்பில் அம்மா சிவப்புத் துணி கட்டினாள். விதைக்காய். கொடியிலேயே முற்றிக் காய வேண்டும்.

"இத யாரும் தொடக் கூடாது. அடுத்த வருசச் சோறு இதுக்குள்ளதேன் இருக்கு."

அன்றிலிருந்து அக்காவின் நடையே மாறிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

பிஞ்சை ஆட்காட்டி விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பார்கள் இல்லையா? எங்கள் வீட்டில் விரலை மடக்கி, முட்டியால்தான் காட்டுவோம்.

நான் விரலை நீட்டினேன்.

தினமும் பள்ளிக்கூடம் போகும் முன்னால், ஆள் இல்லாத நேரம் பார்த்து, நன்றாக நீட்டி... "அழுகிப் போ, அழுகிப் போ."

பத்து நாள் இருக்கும். அடியில் பழுப்பாக ஒரு பொட்டு. இரண்டே நாளில் காய் அழுகி ஒழுகிவிட்டது.

சந்தோஷமா? ஒரு நிமிஷம்கூட இல்லை. அம்மா அந்தத் துணியை அவிழ்த்துக் கையில் வைத்தபடி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எந்தக் கொள்ளிக் கண்ணுடி பட்டுச்சு?" என்றாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

அக்காதான் வாய் திறந்தாள். "நாந்தேம்மா. தண்ணி அம்புட்டையும் அதுக்கே ஊத்திட்டேன்."

அடி அவள் முதுகில் விழுந்தது. அடுத்த ஆடியில் அம்மா விதைக்காக வீடு வீடாகப் போய் நின்றபோது கூடப் போனதும் அவள்தான். அவள் தண்ணீர் ஊற்றித்தான் அழுகியது என்று நானும் என்னையே நம்ப வைத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் பன்னிரண்டு க்ரோ பேக். ஆன்லைனில் வாங்கிய விதை, தென்னை நார் உரம், சொட்டு நீர் டியூப்... எல்லாம் உண்டு, காய்தான் இல்லை. அக்கா வடமதுரையில் இருக்கிறாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு விதையைப் போட்டாளாம், பந்தல் தாங்காமல் காய்க்கிறது. கைராசியாம்!

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். முழங்கை நீளத்துக்குச் சுரைப் பிஞ்சு, காம்பில் சிவப்புத் துணி. இந்த வயதிலும் வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். பெரிதாக்கிப் பார்க்கலாம் என்று விரலைக் கொண்டு போனேன்... அதற்குள் அவளுடைய வாய்ஸ் மெசேஜ் வந்து விழுந்தது.

"பாத்துட்டியா? வெரல மடக்கிக்கிட்டுப் பாருடி. இன்னொரு தடவ அடி வாங்க எனக்குத் தெம்பு இல்ல. வெத எடுத்ததும் பாதி ஒனக்குத்தேன்."

என்றாவது ஒரு நாள் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இத்தனை வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதிலும் முந்திக்கொண்டாள், பாவி.